நரிக்கு வைத்த புகை

எமர்ஜென்சி இருந்த காலம். 1976, மாசி மாதம். வில்லியனூருக்கு மேற்கே ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு கரும்புத் தோட்டத்தில் நான் ஆளாக வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அந்த மாதத்தில் ஒரு நாள் காலை, ரயில் பாதைக்கு அடியில் இருந்த பழைய சுரங்கத்தில், உள்ளே ஒரு மனிதர் இருப்பது தெரியாமல் இரண்டு வாயையும் அடைத்துப் புகை போட்டோம். போட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான்.

அவர் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்திருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

ரயில் பாதைக்கு அடியில் எப்படிச் சுரங்கம் வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டம் இருந்த இடம் பள்ளம். அதனால் விழுப்புரம் போகும் ரயில் அங்கே உயரமான மண்மேட்டின்மேல் போகும். ஒரு பக்கத்து வாய்க்கால் தண்ணீர் மறுபக்கம் போவதற்காக அந்த மேட்டின் அடியில் செங்கல்லில் வளைவாக ஒரு மதகு கட்டியிருந்தார்கள். வாய்க்கால் எந்தக் காலத்திலோ தூர்ந்துபோனது. அப்புறம் பெரிய யுத்தம் வந்தபோது, ஜப்பான்காரன் ஏரோப்ளேனில் வந்து குண்டு போடுவான் என்று பயந்து, பாதையில் வேலை செய்யும் ஆட்கள் ஓடி ஒளிந்துகொள்ள அந்த மதகையே இடமாக்கினார்களாம். வெளியே குண்டு விழுந்தால் சிதறுவது நேராக உள்ளே வராதபடி, இரண்டு வாய்க்கும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குறுக்குச் சுவர் எழுப்பினார்கள். சுவரின் ஓரமாக வளைந்துதான் உள்ளே போக முடியும். ஒரு வாயில் நின்று பார்த்தால் மறு வாய் தெரியாது. நடுவில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது.

குண்டு ஒன்றும் விழவில்லை. ஒருவரும் அதில் ஒளியவும் இல்லை. ஆனால் குண்டு மதகு என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. என் காலத்தில் அது பாதி உயரத்துக்கு மண் மூடிக் கிடந்தது. குனிந்து போனாலும் தலை இடிக்கும். பாம்பு இருக்கும் என்று யாரும் உள்ளே போவதில்லை.

அந்த வருடம் தோட்டத்தில் நரித் தொல்லை அதிகம். நரி கரும்பை அடியில் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். கடிபட்ட கரும்பு சிவந்து புளித்துப் போகும். வெட்டுவதற்கு ஆலையிலிருந்து உத்தரவு வரத் தாமதமாகிக்கொண்டே இருந்ததால் தோட்டத்துக்காரர் தவித்துப் போனார். அன்று காலை ஆலையின் ஜீப் வந்தது. அதில் வந்த கரும்பு அதிகாரி வரப்பு வரப்பாக நடந்து பார்த்துவிட்டு, முதலில் நரியை ஒழியுங்கள், பிறகு வந்து சொல்லுங்கள் என்று கோபமாகச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தோட்டங்களைப் பார்க்கப் போனார். தோட்டத்துக்காரர் அந்தக் கோபத்தை அப்படியே எங்களிடம் இறக்கினார். குண்டு மதகின் வாயில் நரிக்கால் தடம் பார்த்ததாகவும், அங்கேதான் அது தங்குகிறது என்றும், இன்றைக்கே அதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்றும் சொன்னார்.

எங்களிடம் என்றால் என்னிடமும் என் அண்ணனிடமும். சொந்த அண்ணன் இல்லை, பெரியப்பா மகன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எலியோ நரியோ, பொந்தில் இருப்பதை வெளியே கொண்டுவருவதில் அவரை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. நான் அதிகம் பேசாதவன். அவர் பேச்சை நிறுத்தாதவர். யாராவது ஒரு தப்பான வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பத்து நாளைக்குத் தோட்டம் பூராவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரு தடவை நான் தூரத்தில் நின்ற மாட்டை ஆள் என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டேன். அதற்கு இரண்டு மாதம் சிரித்தார்.

நாங்கள் மதகுக்குப் போனபோது பத்து மணி இருக்கும். வாயில் ஈர மண்ணில் கால் தடங்கள் இருந்தன. நாய்க்கால் போல, ஆனால் கொஞ்சம் சின்னது. அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்கு என்னவோ போல் இருந்தது. நரி தங்கும் இடத்தில் ஒரு வாடை அடிக்கும். கோழி இறகோ எலும்போ கிடக்கும். அங்கே இரண்டும் இல்லை.

"ண்ணா, வாடையே இல்லியே" என்றேன்.

"நரி இன்னாடா, அத்தரு பூசிக்கினு வருமா? முந்தாநேத்துதான் குடி வந்திருக்கும். வாடை வர நாளாவும்."

அத்தோடு நான் பேச்சை விட்டுவிட்டேன். ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். குறுக்குச் சுவரின் ஓரத்தில், மண்ணில் ஒட்டிக்கொண்டு, சின்ன வெங்காயத் தோல் இரண்டு மூன்று கிடந்தன. காற்றில் வந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணனிடம் காட்டவில்லை. காட்டினால், நரி குழம்பு வைக்கிறது என்று தம்பி கண்டுபிடித்துவிட்டான் என்று ஆரம்பித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துகொண்டு வெங்காயத் தோலை விழுங்கிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பொந்துக்குப் புகை போடும் விதம் இப்படி: ஒரு பக்கத்து வாயை முள் வைத்து அடைத்து, மிருகம் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு சந்து விட்டு, அதில் கோணியை விரித்துக் கட்டுவார்கள். அங்கே ஒரு ஆள் தடியோடு நிற்பார். மறுபக்கத்து வாயில் பழைய பானையில் பாதி காய்ந்த வைக்கோலைத் திணித்து நெருப்புப் போட்டு, ஒரு பிடி காய்ந்த மிளகாயை அதில் போட்டு, சுற்றிலும் ஈரச் சாக்கால் மூடி, முறத்தால் புகையை உள்ளே விசிறுவார்கள். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. அதுதான் முக்கியமான கட்டு. பேச்சுக் குரல் கேட்டால் உள்ளே இருப்பது ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டு வெளியே வராது என்பார்கள். எல்லாம் சைகைதான். இருமல் வந்தால்கூடத் துண்டை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும். அதிகம் பேசாத எனக்கு இந்தக் கட்டு ரொம்ப வசதி. ஊரில் எல்லோரும் பேசும் இடத்தில் நான்தான் ஒன்றுக்கும் உதவாதவன்; பொந்து முன்னால் மட்டும் நான் நல்ல வேலைக்காரன்.

தெற்குப் பக்கத்து வாயைக் கருவேல முள்ளால் அடைத்து, கோணியைக் கட்டி, தடியோடு நான் நின்றேன். அண்ணன் மேட்டில் ஏறி இறங்கி வடக்குப் பக்கம் போனார். எங்களுக்கு நடுவில் ரயில் மேடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் முள்ளின் இடுக்கிலிருந்து முதல் புகை வந்தது. மிளகாய்க் காரத்தில் என் கண் எரிந்தது. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டேன்.

உள்ளே ஏதோ அசைந்தது. மண்ணில் எதையோ இழுப்பது போன்ற சத்தம். தடியை இறுக்கிப் பிடித்தேன். கோணியில் ஒன்றும் வந்து விழவில்லை. மறுபடியும் அந்தச் சத்தம். அப்புறம் ஒரு இருமல்.

அடக்கிக்கொண்டு, அடக்க முடியாமல் வந்த இருமல். நரியும் இருமும், புகையில் மாட்டினால் எந்த மிருகமும் இருமும். ஆனால் அந்த இருமலுக்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்தது கேட்டது. அது மனிதர் இழுக்கும் மூச்சு.

இதற்கு அப்புறம் நான் செய்ததைத்தான் எத்தனை வருடம் ஆனாலும் என்னால் மறக்க முடியவில்லை. நான் கத்தவில்லை. நின்றேன். நிஜமாகவே மனிதர்தானா, நமக்குத்தான் அப்படிக் கேட்டதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கத்தினால் நரி தப்பிவிடும். தோட்டத்துக்காரர் திட்டுவார். அண்ணன் சிரிப்பார். இன்னொரு தடவை இருமினால் கத்திவிடலாம் என்று நினைத்தேன். ஒரு உயிர் உள்ளே இருக்கும்போது நான் இன்னொரு இருமலுக்காகக் காத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து விழுப்புரம் பாசஞ்சர் வந்தது. தலைக்கு மேலே மேடு முழுவதும் அதிர்ந்தது. வளைவின் செங்கல் இடுக்கிலிருந்து மண் கொட்டியது. எஞ்சினும் பெட்டிகளும் கடகடவென்று போகும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் பெட்டி போன பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

சத்தமே இல்லை. இருமலும் இல்லை, அசைவும் இல்லை. புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்த அமைதியில்தான் எனக்குப் பயம் வந்தது. இருமல் இருந்தவரை சந்தேகம்தான் இருந்தது. இருமல் நின்றதும் உள்ளே இருப்பது மனிதர்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதுவரைக்கும் வந்ததில்லை, அதற்கு அப்புறமும் வந்ததில்லை.

"ண்ணா, நிறுத்து! உள்ள மனுசன் கீறான்!"

மேட்டுக்கு அந்தாண்டையிலிருந்து அண்ணன் ஏதோ திட்டுவது கேட்டது. காரியத்தைக் கெடுத்துவிட்டாயே என்றுதான் திட்டியிருப்பார். நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. முள்ளைக் கையால் பிடித்து இழுத்தேன். கருவேல முள் கையில் ஏறியது அப்போது தெரியவில்லை; மறுநாள் இரண்டு உள்ளங்கையும் வீங்கியிருந்தன. துண்டை வாயோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டே குறுக்குச் சுவரைத் தடவி, வளைந்து, கையை முன்னால் நீட்டித் துழாவினேன்.

என் கையில் ஒரு பாதம் பட்டது. வெடித்த குதிகால். வயலில் நடக்கிற மனிதனின் கால். சூடாக இருந்தது. அந்தச் சூடு எனக்குக் கொடுத்த தைரியம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு காலையும் பிடித்துப் பின்னோக்கி இழுத்தேன். குறுக்குச் சுவரில் ஆளின் உடம்பு சிக்கிக்கொண்டது. மூச்சு முட்டியது. அதற்குள் என் இடுப்பை யாரோ பிடித்து இழுத்தார்கள். அண்ணன்தான். மேட்டில் ஏறி ஓடி வந்திருக்கிறார். அவர் என்னை இழுக்க, நான் அந்த மனிதரை இழுக்க, மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராக வெளியே வந்து விழுந்தோம்.

முப்பது வயதுக்குள் இருக்கும் மனிதர். முகம் கரியும் கண்ணீருமாக இருந்தது. வாயில் துண்டைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தார். அதை நான்தான் பிடுங்கினேன். மூச்சு இல்லை. அண்ணன் அவரைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். வரப்போரப் பள்ளத்தில் கிடந்த கொஞ்சம் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்தேன். அண்ணன் தனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அந்த மனிதரின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை கிடந்ததைப் பார்த்ததும் மாதாவையும் சேர்த்துக்கொண்டார்.

அப்போது அவர் இருமினார்.

நான் எத்தனையோ நல்ல சத்தம் கேட்டிருக்கிறேன். என் பெரிய மகள் பிறந்து அழுததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். அதற்கும் இந்த இருமலுக்கும்தான் நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவர் இருமினார், வாந்தி எடுத்தார், மறுபடியும் இருமினார். அண்ணன் அவர் தலையைத் தன் தொடையில் தாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்க முடியாமல் திறந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஜீப்பு பூடுச்சா?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த ஜீப்பு என்று அண்ணன் கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் வயலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். அவளுக்கு முன்னால் செம்பட்டை நிறத்தில் ஒரு சின்ன நாய் ஓடி வந்து அவர் முகத்தை நக்கியது. அண்ணன் அந்த நாயின் காலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

அவள் அவருடைய மனைவி. தண்டவாளத்துக்குத் தெற்கே கழனியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்ய வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் மாதா கோயில் இருக்கும் ஊர்க்காரர்கள். எங்களுக்குப் பழக்கமில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னதிலிருந்துதான் விஷயம் தெரிந்தது. அந்தச் சமயத்தில், ஜீப்பில் வந்து ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு. வடக்கே அப்படி, மெட்ராசில் அப்படி என்று டீக்கடையில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி யாரையும் பிடித்துப் போனதாக நான் பார்த்ததில்லை, பார்த்தவரையும் பார்த்ததில்லை. ஆனால் பயம் இருந்தது. அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அவர் ஓடி வந்து குண்டு மதகில் ஒளிந்துகொள்வார். அவள் தூக்குச்சட்டியில் கஞ்சியும் வெங்காயமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள். நாய் கூடவே வந்து வாசலில் படுத்திருக்கும். அன்றைக்கு மட்டும், நாய் குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதை வீட்டில் கட்டியிருந்தாளாம்; புகையைப் பார்த்ததும் அவிழ்த்துவிட்டு அதன் பின்னால் ஓடி வந்தாளாம். அன்றைக்கு வந்தது எந்த ஜீப் என்று உங்களுக்குத் தெரியும்.

கரும்பு பார்க்க வந்த ஜீப் அது என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"அப்ப இந்தப் பொக எதுக்குய்யா போட்டீங்க?" என்று கேட்டாள்.

நரிக்கு என்றார் அண்ணன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நரி மூஞ்சில முழிச்சா நல்லதுன்னுவாங்க. எங்க வூட்டுக்காரரு உம் மூஞ்சில இல்ல முழிச்சாரு!"

எதற்கும் பதில் வைத்திருக்கும் அண்ணன் குனிந்து நாயைத் தடவ ஆரம்பித்தார். கீழே கிடந்த அந்த மனிதர் மட்டும் இருமிக்கொண்டே சிரித்தார். சிரித்தால் இருமல் அதிகமானது. அவள் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் சிரி, மீதி உயிரும் போகட்டும் என்று திட்டினாள்.

எங்கள் கஷ்டம் அதோடு முடியவில்லை. தண்டவாளத்தில் தினமும் நடந்து சாவி ஆணிகளைத் தட்டிப் பார்க்கும் கீமேன் புகையைப் பார்த்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். தோளில் சுத்தியல். ரயில் பாதைக்கு அடியில் நெருப்பு வைத்தது யார் என்று கேட்டார். வண்டி போகும் இடம், விளையாட்டா, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் போலீஸ்தான் வரும் என்றார். அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள். எனக்கு அப்போதுதான் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மனிதர் கையைத் தூக்கினார்.

"நாந்தாங்க. கொழம்பு வெக்கலாம்னு உள்ள அடுப்பு மூட்டுனேன். அசந்து தூங்கிட்டேன். இவங்க ரெண்டு பேருந்தான் இழுத்துப் போட்டாங்க."

அவருடைய மனைவி வாயைத் திறந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அவள் மூடிக்கொண்டாள்.

கீமேன் இரண்டு தடவை தும்மினார். இவ்வளவு மிளகாய் போட்டு என்ன குழம்பு என்று கேட்டார். குழம்பு வைக்க உனக்கு ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டார். இன்னும் என்னென்னவோ திட்டிவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் யாரையாவது பார்த்தால் விடமாட்டேன் என்று மேட்டில் ஏறினார். மேலே நின்று அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அங்கே எங்கள் பானை, முறம், ஈரச் சாக்கு எல்லாம் அப்படியே கிடந்தன. அவர் பார்த்திருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் திரும்பி இறங்காமல் தண்டவாளத்தோடு நடந்து போய்விட்டார்.

ஜீப் சத்தத்துக்குப் பயந்து பொந்தில் போய் ஒளிந்த மனிதர் அவர். தன்னைச் சாகடிக்கப் பார்த்த இரண்டு பேருக்காக, போலீஸ் என்று சொன்ன ஆளின் முன்னால் தானாகவே கையைத் தூக்கினார். நான் அப்போதும் வாயைத் திறக்காமல் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கீமேன் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். உள்ளே இருந்தபோது ஏன் குரல் கொடுக்கவில்லை என்றும் கேட்டேன்.

முள் வைத்து அடைக்கும் சத்தம் கேட்டதுமே விழித்துக்கொண்டாராம். பிடிக்க வந்தவர்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், வெளியே வரவைக்கத்தான் புகை போடுகிறார்கள் என்று நினைத்துத் துண்டை வாயில் திணித்துக்கொண்டாராம். வெளியே ஒருவரும் பேசாததுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்ததாம். நம் ஊர் ஆட்கள் என்றால் பேசிக்கொண்டுதானே வேலை செய்வார்கள் என்று நினைத்தாராம். பேசினால் உள்ளே இருப்பது வராது என்று நாங்கள் பேசவில்லை. பேசாததால் அவர் வரவில்லை.

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உள்ள மனுசன் கீறான்னு நீ கத்துனது கேட்டுதுபா. புடிக்க வந்தவன் அப்பிடியா கத்துவான்? அத்தோட எனுக்கு நெனப்புப் பூட்டுது. நம்ம ஆளுங்கதான், இனிமே பாத்துப்பாங்கன்னு உட்டுட்டேன்."

அவர் இருமலைக் கேட்டுவிட்டும் கத்தாமல் நின்றேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அண்ணனும் நானும் அவரைக் கைத்தாங்கலாக வீடுவரை கொண்டுபோய் விட்டோம். நரி கிடைக்கவில்லை என்று மட்டும் தோட்டத்துக்காரரிடம் சொன்னோம். நரி அதன் பிறகும் வந்து, வெட்டும் நாள்வரைக்கும் கரும்பைத் தின்றுகொண்டுதான் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் ரயில்வே ஆட்கள் வந்து மதகின் இரண்டு வாயையும் செங்கல் வைத்து நிரந்தரமாகப் பூசிவிட்டார்கள். பூசிய அன்று நான் அங்கே போய், உள்ளே யாரும் இல்லையே என்று கொத்தனாரிடம் மூன்று தடவை கேட்டேன். நான்காவது தடவை கேட்டபோது அவர் கரண்டியை என் கையில் கொடுத்து, நீயே போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அந்த மனிதருக்கு ஒரு மாதம் இருமல் விடவில்லை. வேலை முடிந்து போகும்போது அவர் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். உள்ளே போகக் கூச்சம். வேலி ஓரமாக நடந்துகொண்டே, இருமல் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். கேட்டால் நிம்மதி. ஒரு நாள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கூச்சத்தை விட்டுப் படலைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினேன். அவர் கிணற்றடியில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். இருமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். இத்தனை நாளாக வேலி ஓரம் வந்து நின்றுவிட்டுப் போவது நீதானா என்று அவர் மனைவி சிரித்தாள். உட்காருங்கண்ணா என்று பலகையைப் போட்டாள். தவக்காலம், கறி மீன் இல்லை, இருப்பதைச் சாப்பிடுங்கள் என்று சுடச்சுடச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டாள்.

அன்றைக்குத்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். உங்கள் முதல் இருமலே எனக்குக் கேட்டது, அண்ணன் சிரிப்பாரே என்று நினைத்துக் கத்தாமல் நின்றேன், ஒரு ரயில் போகும் நேரம் நின்றேன் என்று சொன்னேன். அவர் கையில் இருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். பிறகு, சின்ன ரயில்தானே, பாசஞ்சர்தானே, கூட்ஸ் வண்டியாக இருந்திருந்தால்தான் என் பாடு திண்டாட்டம் என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. ஆனால் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அவர்களுக்கு அடுத்த வருடம் ஒரு ஆண் பிள்ளையும் அதற்குப் பிறகு ஒரு பெண்ணும் பிறந்தார்கள். குத்தகை முடிந்து அவர்கள் வேறு ஊருக்குப் போகும்வரைக்கும் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் போக்குவரத்து இருந்தது.

நான் இன்றைக்கும் நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசுகிறவன் இல்லை. ஆனால் மனதில் ஒரு சந்தேகம் வந்துவிட்டால், அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும், உடனே சொல்லிவிடுகிறேன். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எல்லோரும் உயிரோடு நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால், அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்?